ஏதோ ஒரு பறவை

தமிழ் நாவல்களில் அடிக்கடி தென்படும் பறவை ஒன்று உண்டு. அதற்கு நிறம் கிடையாது, அலகு கிடையாது, கால்களும் கிடையாது. கதாநாயகி ஜன்னலோரம் நின்று கண்ணீர் விடும்போதும், கதாநாயகன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பழைய நாட்களை நினைக்கும்போதும் அது தவறாமல் வந்து சேருகிறது. "எங்கோ ஒரு பறவை கூவியது" என்று ஆசிரியர் எழுதுகிறார். வந்த காரியம் முடிந்துவிட்டதால் அது உடனே பறந்தும் போய்விடுகிறது. அடுத்த அத்தியாயத்தில் வேறொரு துக்கம் வரும்போது மறுபடி அதற்கு அழைப்பு அனுப்பப்படும். இந்தப் பறவையைப் பற்றித்தான் இங்கே சில வார்த்தைகள் சொல்ல நினைக்கிறேன்.

இவ்வளவு அற்ப விஷயத்துக்கு ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். அதே ஆசிரியர் வீட்டுக்குள் இருக்கும்போது எப்படி எழுதுகிறார் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். காப்பி பித்தளை டபராவில் வந்ததா, எவர்சில்வர் டம்ளரில் வந்ததா என்று சொல்லுவார். மாமியாரின் புடவைக் கரை, ஊஞ்சல் சங்கிலியின் சத்தம், ரசத்தில் பெருங்காயம் தூக்கலாக இருந்தது எல்லாம் வரும். வர வேண்டியதுதான், அவற்றில்தான் அந்த வீட்டின் வாழ்க்கை இருக்கிறது. "கதாநாயகன் ஏதோ ஒரு பானத்தைக் குடித்தான்" என்று எழுதினால் நாம் சிரித்துவிட மாட்டோமா? ஆனால் வாசற்படியைத் தாண்டியதும் அந்த ஆசிரியரே "ஒரு மரம்," "சில பூக்கள்," "ஏதோ ஒரு பறவை" என்று எழுதுகிறார். நாமும் சிரிக்காமல் படித்துவிட்டுப் போகிறோம். வீட்டுக்குள் யதார்த்தம், வெளியே திரைச்சீலை என்பதுதான் நம் நாவல்களில் பெரும்பாலானவற்றின் நிலைமை.

இது தமிழின் இயல்பு என்று யாரும் சொல்ல முடியாது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது புள்ளையும் அதில் சேர்த்தது. சேர்த்ததோடு நிற்காமல் புலவர்கள் புள்ளை நின்று பார்த்தும் இருக்கிறார்கள். குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததே. தலைவன் யாரும் அறியாமல் தலைவியைக் கூடுகிறான். பிறகு அவன் வரவில்லை. அவன் ஏமாற்றிவிட்டால் யார் சாட்சி என்று அவள் கேட்டுக்கொள்கிறாள். சாட்சியாக அங்கே இருந்தது ஒரு குருகு மட்டுமே. அதன் கால்கள் தினைத்தாள் போல் மெலிந்து பசுமையாக இருந்தன. அது ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தப் பாட்டின் சோகம் முழுவதும் அந்தக் குருகின் பார்வை எங்கே இருந்தது என்பதில் இருக்கிறது. அது மீனைப் பார்த்தது; இவர்களைப் பார்க்கவில்லை. இருந்த ஒரே சாட்சியும் அப்போது வேறு வேலையாக இருந்துவிட்டது! கொக்கினத்துப் பறவை ஒன்று ஓடுகிற தண்ணீரில் நிற்கும்போது அதன் கவனம் இம்மியும் சிதறாது என்பதைக் கண்டவனுக்குத்தான் இப்படி எழுதத் தோன்றும். "அருகில் ஏதோ ஒரு பறவை இருந்தது" என்று கபிலர் எழுதியிருந்தால் அந்தப் பெண்ணின் பயம் நமக்கு எட்டியே இருக்காது. ஒன்று கவனிக்க வேண்டும். குருகு என்பது பொதுப்பெயர்தான். விசேஷமான பெயர் எதையும் அவர் சொல்லவில்லை. காலின் நிறத்தையும், கண் போன திசையையும் மட்டும் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

சத்திமுத்தப் புலவரின் நாரையும் இப்படித்தான். மதுரையில் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும் ஓர் ஏழைப் புலவர், ஊரிலிருக்கும் மனைவிக்கு நாரையிடம் சேதி சொல்லி அனுப்புகிறார். அந்த நாரைக்குச் சிவந்த கால். பிளந்த பனங்கிழங்கை ஒத்த கூரிய பவள அலகு. அது பெடையோடு தென்குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும் பறவை. செங்கால் நாரை என்று இன்றைக்குப் பறவை நூலோர் சொல்லுகிற பறவையும் சிவந்த காலும் சிவந்த அலகும் உள்ளதே. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வந்து, வெயில் ஏறும்போது வடக்கே திரும்பிவிடும். புலவர் விஞ்ஞானம் படிக்கவில்லை. குளிரும் பசியும் வாட்டுகிற நேரத்திலும் வானத்தில் போகிற பறவை எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சேதி சொல்லி அனுப்புவதற்கு வடக்கே போகிற பறவையைத் தேர்ந்தெடுத்தார். அதனால்தான் அந்த வேண்டுகோள் அலங்காரமாக இல்லாமல் உண்மையான வேண்டுகோளாக நம் காதில் விழுகிறது.

இதற்கு ஓர் ஆட்சேபம் சொல்லப்படும் என்று எனக்குத் தெரியும். பாரதியின் குயில் பெண்குயில், அது பாடுகிறது. இயற்கையில் கூவுவது ஆண்குயில்தான். கருகருவென்று இருக்கும் ஆண்தான் சித்திரை வெயிலில் நம் மாமரங்களில் உட்கார்ந்து உயிரை வாங்குகிறது; உடம்பெல்லாம் புள்ளிகள் கொண்ட பெண்குயில் 'கிக் கிக்' என்று கத்துவதோடு சரி. அப்படியானால் குயில் பாட்டு மோசமான கவிதையா என்று கேட்பார்கள். இல்லை. குயில் பாட்டு ஒரு கனவு. கனவென்று கவியே சொல்லிவிடுகிறார். அங்கே குயில் மாந்தோப்பில் உட்காருவதைவிட மனசில் உட்காருவதுதான் முக்கியம். மேலும் பெண்குயில் பாடும் என்பது நெடுநாள் கவிமரபு. மரபை ஒரு கவி தெரிந்து எடுத்துக்கொள்ளலாம். நமது நாவலாசிரியரோ கனவு எழுதவில்லை. செங்கல்பட்டு ஜில்லாவில் இன்ன கிராமத்தில் இன்ன வருஷத்தில் நடந்தது என்று ஆணையிட்டுச் சொல்லுகிறார். ஆணையிட்ட பிறகு பொய்சாட்சி சொல்லக்கூடாது.

செங்கல்பட்டு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எழுத்தாளன் கண்ணைப் பரீட்சை செய்து பார்க்க அந்த ஜில்லாவில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில், சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கும் வேடந்தாங்கல்தான் அது. தொண்டைநாட்டில் தாங்கல் என்றால் சின்ன ஏரி. ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். நம்முடைய பெரிய ஏரிகளோடு ஒப்பிட்டால் ஒரு குட்டைதான். தண்ணீருக்குள்ளேயே நீர்க்கடம்பு மரங்கள் நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பினால் அந்த மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டும். மழை பொய்த்தால் அவையும் வராது. கரைமேல் நடந்து போனாலே எல்லாம் கண்ணுக்கு எதிரே நடக்கிறது. ஏறிப் பார்க்கக் கோபுரமும் உண்டு. பட்டணத்திலிருந்து காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம்.

வேடந்தாங்கலைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருஷா வருஷம் எழுதுகிறார்கள். கதைகளிலும் காதலர்கள் அங்கே போய் வருகிறார்கள். படித்துப் பார்த்தால் "வண்ண வண்ணப் பறவைகள்," "இனிய கீதம்," "வெளிநாட்டு விருந்தினர்" என்ற மூன்று சொற்றொடர்களுக்கு மேல் எதுவும் தேறுவதில்லை. மூன்றுமே பார்க்காமல் எழுதப்பட்டவை.

கீதம் என்பதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை இரண்டும் அந்த ஏரியின் முக்கியமான குடிகள். வளர்ந்த நாரைக்குக் குரல் என்று சொல்லத்தக்கது அநேகமாகக் கிடையாது. ஜோடி கூட்டில் சந்திக்கும்போது அலகுகளைத் தட்டிக்கொள்கின்றன. மரக்கட்டைகளை மோதினாற்போல ஒரு சத்தம் கேட்கும். குஞ்சுகள்தான் பசிக்குக் கத்துகின்றன. நீர்க்காகங்கள் உறுமுகின்றன. மொத்தத்தில் பிற்பகல் வேளையில் அங்கே கேட்பது சந்தைக்கடை இரைச்சல். அதில் கீதத்தைக் கேட்டவர் ஏரிக்கரையில் நிற்கவில்லை, பழைய புத்தகத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்த இரைச்சலை இரைச்சலாகவே எழுதியிருந்தால் அதற்குள் எவ்வளவு பசி, எவ்வளவு சண்டை, எவ்வளவு குடும்பம் இருக்கிறது என்பது வாசகனுக்குக் கிடைத்திருக்கும்.

நத்தைகுத்தி என்ற பெயரைப் பாருங்கள். எந்தப் பண்டிதரும் உட்கார்ந்து செய்த பெயராகத் தோன்றவில்லை. வயலில் நின்றவன் வைத்த பெயர். அந்த நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி நிற்கும். குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது. பாக்குவெட்டியில் பாக்கை வைப்பதுபோல நத்தையை அந்த இடைவெளியில் வைத்து உடைக்கிறது என்று வெகுகாலம் நினைத்தார்கள். கிட்ட இருந்து கவனித்தவர்கள் அப்படி இல்லை என்று சொல்லுகிறார்கள். அது ஓட்டை உடைப்பதில்லை. கீழலகின் நுனியை உள்ளே செலுத்தி, நத்தையை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்து, உள்ளிருப்பதை உருவி எடுக்கிறது. பாக்குவெட்டி என்று ஊகித்தவர்கள் படித்தவர்கள். 'குத்தி' என்று பெயர் வைத்தவன் வயற்காட்டுக்காரன். உண்மைக்குக் கிட்ட இருப்பது யார் சொன்னது?

பாம்புத்தாரா என்ற பெயரும் அத்தகையதுதான். உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் இருக்க, கழுத்து மட்டும் வெளியே வளைந்து போகும்போது பாம்பென்றே தோன்றும். மூடிய அலகை ஈட்டியாக்கி மீனைக் குத்தி, மேலே தூக்கி எறிந்து, தலைப்பக்கமாக விழுங்கும். அதன் இறகுகள் நன்றாக நனைந்துவிடும். நனைவதால்தான் சுலபமாக மூழ்க முடிகிறது. பிறகு கிளையில் ஏறிச் சிறகை விரித்து வெகுநேரம் காய வைத்துக்கொண்டு நிற்கும். நெற்றியில் வெள்ளையாகத் தீட்டினாற்போல இருப்பதால் ஒரு நீர்ப்பறவைக்கு நாமக்கோழி என்று பெயர். கரண்டிவாயன், முக்குளிப்பான், உண்ணிக்கொக்கு என்று இப்படி அநேகம். ஒவ்வொரு பெயரிலும் ஒரு மனிதன் நின்று பார்த்த நேரம் அடங்கியிருக்கிறது. சிலவற்றில் அவன் சிரித்த சிரிப்பும் இருக்கிறது. 'ஏதோ ஒரு பறவை' என்று எழுதுகிற ஒவ்வொரு தடவையும் நாம் அந்த மனிதனின் சொத்தைத் தூர எறிகிறோம்.

இனி அந்த "வெளிநாட்டு விருந்தினர்." ஸைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பறவைகள் வேடந்தாங்கலுக்குக் குஞ்சு பொரிக்க வருகின்றன என்று நம் ஜனங்கள் நம்புகிறார்கள், எழுத்தாளர்கள் அந்த நம்பிக்கையை வளர்த்திருக்கிறார்கள். உண்மை வேறு. அங்கே கூடு கட்டுகிற கூழைக்கடா, நாரைகள், கொக்குகள், நீர்க்காகங்கள், பாம்புத்தாரா, வக்கா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் இந்த நாட்டுப் பறவைகள்தான். மழைக்கும் தண்ணீருக்கும் தகுந்தபடி இந்த நாட்டுக்குள்ளேயே இடம் மாறுகின்றன. தூர தேசங்களிலிருந்து ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் கிளுவையும் வருவது உண்மையே. ஆனால் அவை குளிர்காலத்தைக் கழிக்க வருகின்றன. குஞ்சு பொரிப்பது தங்கள் வடக்கு நாட்டில். இங்கே மேய்ந்துவிட்டுப் போய்விடும்.

இந்தப் பிழை சாதாரணப் பிழை அல்ல. அழகான ஒன்றைக் கண்டதும் அது வெளியூரிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிற மனசு இதற்குள் இருக்கிறது. நம் வயலில் நத்தை பொறுக்கும் பறவையே மரத்துச்சியில் கூட்டின்மேல் நின்று, உச்சி வெயில் குஞ்சுகள்மேல் படாமல் சிறகை விரித்துக் குடை பிடிக்கிறது என்று தெரிந்தால் ஏமாற்றமாகப் போய்விடுமோ என்று பயப்படுகிறோம். நம் நாவல்களிலும் இதே வியாதிதான். உள்ளூர் மனிதனிடம் பெருந்தன்மையைக் கண்டால் அவனுக்கு ஓர் அந்நியச் சாயம் பூசாமல் நமக்குத் திருப்தி ஏற்படுவதில்லை.

வேடந்தாங்கல் கிராமத்தாரையும் இப்படித்தான் கெடுத்து வைத்திருக்கிறார்கள். கருணை வடிவங்கள், பறவைகளைப் பிள்ளைகளாகப் பாவிக்கும் புண்ணியவான்கள் என்று எழுதிவிடுகிறார்கள். தீபாவளிக்கு அவர்கள் வெடி வெடிப்பதில்லை என்பது உண்மை. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் அவர்கள் கணக்குத் தெரிந்த குடியானவர்கள். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் விழுந்து விழுந்து ஏரித் தண்ணீர் உரமாகிறது. அந்தத் தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்று அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். பறவைக்கு மரமும் அமைதியும் கொடுத்தார்கள். பறவை வயலுக்கு உரம் கொடுத்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டுத் தள்ளியபோது, கிராமத்தார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். லயனெல் பிளேஸ் என்ற கலெக்டர் 1798-ல் அவர்களுக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். பறவைகளைக் காப்பாற்றும் உரிமை கிராமத்துக்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட கடுதாசி அது. இதைப் புண்ணியக் கதையாக எழுதினால் இரண்டு பக்கத்தில் தீர்ந்து போகும். வயிறும் வயலும் பறவையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட கதையாக எழுதினால் நாவலாகும். அந்த நாவலை இன்னும் யாரும் எழுதக் காணோம்.

நம் உரைநடை இப்படி ஆனதற்கு ஒரு காரணம், பறவையைப் பார்க்கிற வேலை வெகுகாலம் ஆங்கிலத்திலேயே நடந்ததுதான். ஸாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941-ல் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை பறவை பார்க்கக் கற்றது. தமிழனான மா. கிருஷ்ணனும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதினார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் பிள்ளை அவர். 1950-ல் தொடங்கி 1996-ல் காலமாகும்வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். வேடந்தாங்கலைப் பல வருஷங்கள் கவனித்தவர். தமிழில் அவர் எழுதிய கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாகக் கொண்டுவந்திருக்கிறார். நம் கதாசிரியர்கள் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அவரிடம் வர்ணனை குறைவு. ஒரு பிராணி என்ன செய்தது, பிறகு என்ன செய்தது என்று சொல்லுவார். ஆச்சரியப்படுகிற வேலையை வாசகனுக்கு விட்டுவிடுவார். அவருடைய கேலி மனிதர்களுக்கு மட்டும். பிராணிகளைக் கேலி செய்யமாட்டார். ஒரு நாவலாசிரியர் வீட்டில் பிறந்தவர், நாவலாசிரியர்கள் செய்யத் தவறியதைச் செய்தார் என்று சொல்லலாம்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். பறவை பார்க்கிறவர்களில் ஒரு வகையினர் பெயரைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. கரைக்கு வந்ததும் பட்டியல் போடுகிறார்கள். முப்பது கண்டேன், முப்பத்தைந்து கண்டேன் என்று எண்ணிக்கை ஏறுகிறது. இப்போது நீண்ட குழாய் வைத்த காமிராக்களும், பெயர் சொல்லிக் கொடுக்கும் கைத்தொலைபேசியும் வந்துவிட்டன. பெயர் கிடைத்ததும் பறவை அவர்களுக்குத் தேவையில்லாமல் போகிறது. பட்டியலுக்கு அதற்குரிய பிரயோஜனம் உண்டு. பறவைகள் குறைகின்றனவா கூடுகின்றனவா என்று அதைக் கொண்டுதான் சொல்ல முடியும். நாவலில் அதற்கு இடமில்லை. ஒரு பக்கத்தில் பதினைந்து பறவைப் பெயர்களைக் கொட்டி, "இதோ, இயற்கை!" என்று சொல்லுகிற நாவல், "ஏதோ ஒரு பறவை" என்ற நாவலைவிட எந்த விதத்திலும் மேலானதல்ல. முதல் ஆசிரியர் பார்க்கவில்லை. இரண்டாமவர் அகராதியைப் பார்த்திருக்கிறார்.

வேடந்தாங்கலில் சாயங்கால வேளையில் நடக்கும் ஒரு காரியத்தை உதாரணமாகச் சொல்லுகிறேன். சூரியன் சாயும்போது பகல் முழுவதும் இரை தேடப் போயிருந்த கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் நாலா திக்கிலிருந்தும் கூட்டம் கூட்டமாகத் திரும்பி மரங்களில் இறங்குகின்றன. அதே சமயத்தில் அந்த மரங்களிலிருந்து வக்காக்கள், அதாவது இராக்கொக்குகள், ஒவ்வொன்றாகக் கிளம்பி வெளியே போகின்றன. மில்லில் பகல் ஷிப்ட் உள்ளே வர ராத்திரி ஷிப்ட் வெளியே போகிற மாதிரி இருக்கும். ஒரே மரம் இரண்டு பேருக்கு வீடாக இருக்கிறது. கணவன் ராத்திரி வேலைக்கும் மனைவி பகல் வேலைக்கும் போகிற குடும்பத்தைப் பற்றி எழுதுகிற ஒருவர், அவர்கள் இருவரையும் ஒரு சாயங்காலம் அந்தக் கரையில் கொண்டுபோய் நிறுத்தினால் எத்தனை வசனங்களை மிச்சப்படுத்திவிடலாம்! அதற்கு வக்கா எப்போது கிளம்பும் என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

பார்வைக் குறைவு இலக்கியத்தோடு நிற்பதில்லை என்பதால்தான் இவ்வளவும் சொல்லுகிறேன். 1998-ல் ஏரியையும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் சுற்றளவையும் சேர்த்துச் சர்க்கார் சரணாலயமாக அறிவித்தது. 2020-ல் அந்த 5 கிலோமீட்டரை 3 கிலோமீட்டராகக் குறைக்கலாம் என்ற யோசனை எழுந்தது. பலத்த எதிர்ப்பும் கிளம்பியது. இரண்டு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் இது வட்டத்தின் ஆரம். ஆரத்தில் 5-ஐ 3 ஆக்கினால் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடும், பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான். பறவைகள் எல்லாம் ஏரிக்குள்ளேதானே இருக்கின்றன, வெளியே வயலும் வரப்பும்தானே என்று வாதித்தால் கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் படும். ஏனென்றால் நாம் அவர்களுக்கு ஏரியை மட்டுமே எழுதிக் காட்டியிருக்கிறோம். காலையில் கூட்டை விட்டுக் கிளம்பும் நத்தைகுத்தி எங்கே போகிறது என்று எந்தக் கதையிலும் யாரும் பின்தொடர்ந்து போகவில்லை. அது பல கிலோமீட்டர் சுற்றியுள்ள வயல்களுக்கும் பக்கத்து ஏரிகளுக்கும் போகிறது. குஞ்சுக்கு வேண்டிய நத்தையும் தவளையும் மீனும் அங்கேதான் கிடைக்கின்றன. ஏரி அதற்குத் தொட்டில். அடுப்பங்கரை வெளியே இருக்கிறது. அடுப்பங்கரையை எடுத்துவிட்டுத் தொட்டிலை மட்டும் வைத்திருந்தால் குழந்தை என்ன ஆகும்? காப்பி டபராவை அவ்வளவு நுட்பமாக எழுதுகிற நமக்கு இது விளங்காமல் இருக்க நியாயமில்லை.

2022-ல் வேடந்தாங்கல் ராம்ஸார் ஒப்பந்தத்தின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. சந்தோஷம். ஆனால் கௌரவம் வேறு, பழக்கம் வேறு. 1798-ல் கலெக்டர் எழுதிய கடுதாசிக்குப் பின்னால் பறவை எப்போது வரும், எதைத் தின்னும், வயலுக்கு என்ன தரும் என்று எடுத்துச் சொல்லத் தெரிந்த ஒரு கிராமம் இருந்தது. இன்றைக்கு நம்மில் எத்தனை பேருக்கு அப்படி எடுத்துச் சொல்ல முடியும்? நாவல் படிக்கிற வர்க்கம்தான் காரியாலயங்களில் உட்கார்ந்து கோப்புகளை எழுதுகிறது. ஏதோ ஒரு பறவை என்று படித்துப் பழகியவர்கள் ஏதோ ஒரு நிலம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

நம் எழுத்தாளர்கள் விஞ்ஞானிகளாக மாற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாசகர்களும் பறவை நூல்களை உருப்போட வேண்டியதில்லை. ஒரு கதையில் பறவை வந்தால், அது ஏன் வந்தது, என்ன தின்னுகிறது, எங்கே போகிறது என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். தெரிந்திருந்தால் அவர் அதைச் சொல்லாமல் விட்டாலும் அந்த வாக்கியத்தில் உயிர் இருக்கும். தெரியாமல் இருந்தால் எத்தனை அடைமொழி போட்டாலும் அது சீலையில் வரைந்த பறவைதான். வரும் கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்தால், தை மாதத்தில் ஒரு நாள் வேடந்தாங்கல் கரையில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, பிறகு உங்களுக்குப் பிடித்த நாவலை எடுத்துப் படியுங்கள். எந்தப் பக்கத்தில் ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார் என்று உங்களுக்கே தெரியும்.